கடைமடைக்காரரின் தண்ணீர்க் கணக்கு: பிலிகுண்டுலுவிலிருந்து வடிகால் வரை

என் அக்கா மகன் எட்டு வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறான். தலைஞாயிறு பக்கத்தில் அவன் பங்குக்கு ஐந்து ஏக்கர் நஞ்சை இருக்கிறது. வயலைப் பார்க்க வந்த அன்றைக்கு வரப்பில் நின்றுகொண்டே கேட்டான்: "மாமா, தண்ணி எப்ப வரும்?" வருகிற தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று அவன் கேட்கவில்லை. விவசாயத்துக்கு வந்த புதிதில் நானும் கேட்டதில்லை. இரண்டு சம்பாவை முழுசாகத் தண்ணீருக்குக் கொடுத்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது. அவனுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக நிலத்துக்குத் திரும்புகிற யாருக்கும், குறிப்பாகப் பாசனத்தின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் வெண்ணாற்றுக் கடைமடைக்காரர்களுக்கு, இது பயன்பட வேண்டும்.

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்று. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் டியூப், அதில் ஐம்பது அடி. அடி, அங்குலம் குறித்த மூங்கில் ஒன்று. மண்வெட்டி உங்களிடமே இருக்கும்.

மேலே இருந்து வருவதைப் படிப்பது

காவிரி கர்நாடகத்தை விட்டு நம் பக்கம் வருகிற இடத்தில் பிலிகுண்டுலு இருக்கிறது. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் அங்கேதான். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் கொடுத்த தீர்ப்பின்படி, சாதாரண ஆண்டில் அந்த இடத்தில் நமக்கு வர வேண்டியது 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). காவிரி நடுவர் மன்றம் 2007-ல் சொன்னது 192. குறைத்ததற்கு நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று, டெல்டாவின் அடியில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது. கடைமடையில் போர் போட்டு உப்புத் தண்ணீர் குடித்தவர்களுக்கு அந்த வரி இன்னும் வலிக்கிறது. சரி, இப்போது இருக்கிற கணக்கைப் பார்ப்போம்.

மாதவாரியாக நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, அப்புறம் பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5. பத்தில் ஏழு பங்கு செப்டம்பர் முடிவதற்குள் வந்துவிட வேண்டிய தண்ணீர். ஆகஸ்டில் பாக்கி விழுந்தால் அதை டிசம்பரில் வாங்கி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்போது இங்கே மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

செய்தித்தாளில் வருவது வினாடிக்கு இத்தனை கன அடி என்று. தீர்ப்பில் இருப்பது டி.எம்.சி. இரண்டையும் கோர்ப்பதற்கு ஒரே எண் போதும்: 11,574. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 1 டி.எம்.சி. செப்டம்பருக்கான 36.76 டி.எம்.சி. சரியாக வர வேண்டுமானால், மாதம் முழுக்கச் சராசரியாக 14,000 கன அடிக்குச் சற்று மேல் வந்தாக வேண்டும். பேப்பரில் 5,000 என்று பத்து நாளாகப் போட்டால் எவ்வளவு பாக்கி என்று நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். யாரும் மேடையில் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை.

நம் வயல் மொழியில் சொன்னால், வினாடிக்கு 1 கன அடி ஒரு நாள் ஓடினால் இரண்டு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். 1 டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 23,000 ஏக்கரில் ஓர் அடித் தண்ணீர். வழியில் மணல் குடிப்பதும் வெயில் குடிப்பதும் இதில் சேரவில்லை.

மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு உயரம் 120 அடி. இங்கே ஏமாந்துவிடக் கூடாது. அணை கீழே குறுகல், மேலே அகலம். 100 அடியில் ஏறக்குறைய 65 டி.எம்.சி. இருக்கும்; பாதி உயரமான 60 அடியிலோ கால் பங்கு அளவுதான். "மேட்டூர் பாதி நிறைந்தது" என்று டீக்கடையில் பேசினால் நீங்கள் உயரத்தைக் கேட்காதீர்கள், இருப்பைக் கேளுங்கள்.

மேட்டூரை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 என்ற தேதியின் மேலும் ஒரு கண் வையுங்கள், ஆனால் அதை நம்பி நாற்று விடாதீர்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-ல் சரியாக ஜூன் 12-ல் திறந்தார்கள். மேலே மழை பொய்த்து, அக்டோபர் 10-ல் மூட வேண்டியதாயிற்று. அந்த வருஷம் எங்கள் பக்கம் நேரடியாக விதைத்த சம்பா விரல் உயரத்தில் நின்று சருகானது. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறப்பு. திறந்த அன்றைக்கு இருப்பு எவ்வளவு, மேலே கர்நாடகத்து அணைகளான கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து முடிவெடுங்கள். வயநாட்டில் மழை பிடித்தால் கபினி பெரும்பாலும் முதலில் நிறையும். அது நிறைந்துவிட்டால் தண்ணீரைப் பிடித்து வைக்க அங்கே இடம் கிடையாது, கீழே வந்துதான் தீர வேண்டும். கிருஷ்ணராஜ சாகரின் முழு உயரம் 124.80 அடி, கொள்ளளவு ஏறக்குறைய 49 டி.எம்.சி. இந்த இரண்டும் நிறைந்த செய்தி வந்தால் நாற்றங்காலைத் தயார் செய்யலாம்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். வெண்ணாற்றில் வருவது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மறுபடி பிரியும். எங்கள் வாய்க்காலில் ஈரம் தெரிவதற்கு அதற்கு மேல் ஒரு வாரமாவது ஆகும். ஆறு காய்ந்து கிடந்தால் இன்னும் தள்ளும். மணல் தன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் மீதியை விடும்.

தஞ்சாவூரில் நடந்த ஒரு விவசாயிகள் கூட்டத்தில் கர்நாடகத்து மண்டியாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் எனக்குப் பழக்கமானார். தமிழும் கன்னடமும் கலந்து போனில் பேசுவோம். அவருடைய நிலம் விஸ்வேஸ்வரய்யா கால்வாயின் கடைசியில், மளவள்ளிப் பக்கம். அவருக்கும் தண்ணீர் கடைசியில்தான் வருகிறது, அவரும் தலைப்பில் இருப்பவர்களைப் பற்றித்தான் குறைபடுகிறார். ஜூலையில் அவர் சொல்கிற மழைச் செய்தி எனக்குப் பேப்பரைவிட முந்தி வருகிறது. முடிந்தால் நீங்களும் அந்தப் பக்கம் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் சண்டை போடலாம்; மழை பெய்கிறதா என்று கேட்பதற்குச் சண்டை எதற்கு?

வடிகாலை நடந்து பார்ப்பது

மேலே சொன்னது பாதிதான். வராத தண்ணீரால் நான் இழந்ததைவிடப் போகாத தண்ணீரால் இழந்தது அதிகம்.

சித்திரை, வைகாசியில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது நடக்க வேண்டும். வயலின் தாழ்ந்த மூலையில் தொடங்கி, உங்கள் தண்ணீர் ஆற்று வடிகாலில் விழுகிற இடம் வரை, ஒரு எட்டுக்கூட விடாமல் கால்நடையாக. வண்டியில் போனால் ஒன்றும் தெரியாது. போவதற்கு முன்னால் கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். புல வரைபடம் இப்போது அரசின் இணைய சேவையிலேயே கிடைக்கிறது. வாய்க்கால் புறம்போக்கு என்று எந்தப் புல எண் போட்டிருக்கிறது, அகலம் என்ன என்று பென்சிலால் குறியுங்கள். வரைபடத்தில் பன்னிரண்டு அடி இருக்கும் வடிகால், நேரில் போனால் ஒருவர் தாண்டுகிற அளவுக்கு இளைத்திருக்கும். இரண்டு பக்கமும் வரப்பை வருஷத்துக்கு ஒரு சாண் நகர்த்தியிருப்பார்கள். நம் தாத்தாவும் நகர்த்தியிருப்பார். அதனால் யாரையும் திட்டிக்கொண்டு தொடங்காதீர்கள். அளந்து, எழுதி, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஒவ்வொரு தடையையும் நோட்டில் எழுதுங்கள்: ஆகாயத்தாமரை, நெய்வேலி காட்டாமணக்கு, சம்புப் புதர், சரிந்த கரை, யாரோ மீன் பிடிக்கக் கட்டி அப்படியே விட்ட அடைப்பு. ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டால் மட்டும் போதாது. கரை விளிம்பிலேயே போட்டால் முதல் மழையில் மறுபடி உள்ளே இறங்கும். நாலு அடி தள்ளிப் போடுங்கள், காய்ந்தால் தென்னைக்கு மூடாக்கு. தூர் வாருகிற மண்ணுக்கும் இதே விதிதான்.

இப்போது டியூபுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் வயல் ஊர்ச்சாலைக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் வழியாக வடிகிறது. சாலையைப் புதிதாகப் போட்டபோது அந்தக் குழாயையும் மாற்றினார்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷம், ஐப்பசி மழைக்கு எங்கள் பக்கம் தண்ணீர் நின்றால் நின்றதுதான். பயிர் மூழ்கி அழுகும். மூலைத்தாக்கில் அரை ஏக்கர் வெறும் சேறாகவே போய்விடும். வடிகாலில் புதர் மண்டியதால்தான் என்று நினைத்து, பங்காளிகள் எல்லோரும் பணம் போட்டு இரண்டு தடவை பொக்லைன் விட்டு வாரினோம். மூன்றாவது மழைக்கும் தண்ணீர் நின்றது. அப்போது வீட்டு வேலைக்கு வந்திருந்த கொத்தனார், என் மைத்துனர் முறை, "மட்டம் பார்த்தீங்களா மச்சான்?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை.

அவர் காட்டிய முறை இதுதான். டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்ப வேண்டும். குமிழி இருந்தால் எல்லாக் கணக்கும் பொய். இரண்டு முனையிலும் ஒரு சாண் காலி விடுங்கள். ஒருவர் வயலின் தாழ்ந்த மூலையில் மூங்கிலை நட்டு, டியூபின் ஒரு முனையை அதோடு சேர்த்துப் பிடிப்பார். இன்னொருவர் சாலைக்கு அந்தப் பக்கம், குழாயின் வாயில் இன்னொரு கழியோடு நிற்பார். தண்ணீர் ஆடி அடங்கும் வரை காத்திருங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து கீழே தரை வரை இரண்டு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். எங்கள் வயல் மூலையில் 38 அங்குலம் வந்தது. குழாயின் அடிவாயில் 29. ஆக, தண்ணீர் வெளியேற வேண்டிய வாய் வயலைவிட 9 அங்குலம் மேலே இருந்தது! முக்கால் அடித் தண்ணீரை வயலில் கட்டி வைக்கிற அணையை நாங்களே சாலைக்கு அடியில் வைத்திருந்தோம். அதற்குக் கீழே எவ்வளவு வாரினாலும் என்ன பயன்?

அப்புறம் மூங்கிலையும் டேப்பையும் வைத்துப் படம் எடுத்து, அளவுகளை ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்தோம். "தண்ணீர் வடிவதில்லை" என்று மூன்று வருஷமாகக் கொடுத்த மனுவுக்கு நடக்காத காரியம், "குழாய் 9 அங்குலம் உயரம்" என்று கொடுத்த மனுவுக்கு நடந்தது. பக்கத்திலேயே தாழ்வாக இன்னொரு குழாய் பதித்தார்கள். மனு எழுதுகிறவர்கள் இதை மறக்காதீர்கள்: இடம், புல எண், அளவு, படம். இவை இருந்தால் அதிகாரிக்கும் மேலே எழுத வசதி.

யார் எதைச் செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஏ, பி என்கிற பெரிய வாய்க்கால்கள் பொதுப்பணித்துறை வழி வந்த நீர்வளத்துறையின் பொறுப்பு. சி, டி என்கிற சின்ன வாய்க்கால்கள் பழைய வழக்கப்படி நம்முடைய பொறுப்பு. குடிமராமத்து என்ற பழைய பெயரோடு 2017-ல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆண்டுதோறும் மேட்டூர் திறக்கும் முன் சிறப்புத் தூர்வாரும் பணியும் நடக்கிறது. எங்கள் ஊர் அனுபவத்தில், பட்டியல் போடும்போது பாசன வாய்க்கால்களைக் கேட்டு நூறு பேர் வருவார்கள். வடிகாலைக் கேட்டு யாரும் வருவதில்லை. பட்டியல் தயாராவதற்கு முன்பே, மாசி, பங்குனியிலேயே, வடிகாலின் பெயரையும் நீளத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உப்பை அளப்பது

ஒரு தை மாதம். மழை முடிந்து, சம்பா பால் பிடிக்கிற நேரம். ஒரு தண்ணீர் போதும், பயிர் தேறிவிடும். வாய்க்காலில் சொட்டு இல்லை. காலையில் பார்த்தால் வடிகாலில் தண்ணீர் ஏறி நிற்கிறது. மேலே யாரோ திறந்துவிட்டார்கள் என்று நினைத்து, டீசல் என்ஜினைப் போட்டு ஒன்றரை ஏக்கருக்கு இறைத்தேன். நாலாம் நாள் இலை நுனி எல்லாம் தீய்ந்திருந்தது. வந்தது ஆற்றுத் தண்ணீர் இல்லை. ஓதத்தில், அதாவது கடல் பொங்கி ஏறும் நேரத்தில், கடல்நீர் உள்ளே வந்திருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அந்த வாரம்தான் மீட்டர் வாங்கினேன்.

மீட்டரைத் தண்ணீரின் மேற்பரப்பில் மட்டும் வைக்காதீர்கள். நல்ல தண்ணீர் லேசு, மேலே மிதக்கும். உப்புத் தண்ணீர் அடியில் நாக்கு நீட்டி வரும். ஒரு பாட்டிலைக் கழியில் கட்டி, அடியிலிருந்து மொண்டு பாருங்கள். 500 பி.பி.எம்.-க்குள் (லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு) காட்டினால் எதற்கும் கவலையில்லை. 500-லிருந்து 2,000 வரை என்றால், மண்ணும் வடிகாலும் நன்றாக இருந்தால் வளர்ந்த பயிருக்கு விடலாம், நாற்றங்காலுக்கு வேண்டாம். 2,000-க்கு மேல் வயலுக்கு விடவே விடாதீர்கள். நெல் இரண்டு பருவத்தில் உப்பைத் தாங்காது: நாற்று வேர் பிடிக்கும்போதும், பூக்கும்போதும். இடைப்பட்ட தூர் கட்டும் பருவத்தில் கொஞ்சம் பொறுக்கும். மீட்டர் எல்லை தாண்டிவிட்டால் ஒரு கப் தண்ணீரோடு நாலு கப் மழைத்தண்ணீர் கலந்து பார்த்து, வருவதை ஐந்தால் பெருக்குங்கள். கடல்நீர் 35,000 அளவில் இருக்கும். உங்கள் வடிகாலில் 7,000 வந்தால் ஐந்தில் ஒரு பங்கு கடல் என்று புரிந்துகொள்ளலாம்.

மீட்டர் இல்லாத நாளில் செடியைப் பாருங்கள். கரையில் உமரி முளைத்திருந்தால் அங்கே உப்பு குடியேறிவிட்டது. கோடையில் வரப்பின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உப்பு ஏறிய நிலத்தை மீட்கும் வழியை எங்கள் மாவட்டம் சுனாமிக்குப் பிறகு படித்தது. 2004 டிசம்பர் 26-ல் கடல் ஏறிப் போன வயல்களில் வரப்பை உயர்த்திக் கட்டி, மழைத்தண்ணீரைத் தேக்கி, வடித்து, மறுபடி தேக்கி வடித்தார்கள். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். ஜிப்சம் போட்டார்கள். இதில் எல்லாவற்றுக்கும் உயிர், தண்ணீர் வெளியே போகிற வழி. உப்பு தானாகக் கரைந்து காணாமல் போகாது. வடிகால் வழியாகத்தான் கிளம்பும். வடிகால் அடைத்த வயலில் எத்தனை மூட்டை ஜிப்சம் கொட்டினாலும் உப்பு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்புறம் விதை. வேதாரண்யம் பக்கத்தில் பழைய ஆட்கள் உவர் நிலத்துக்குக் குழியடிச்சான் விதைப்பார்கள். திருச்சி 1, திருச்சி 3 ரகங்களும் உவரைத் தாங்கும். மூழ்குகிற மூலைக்கு சி.ஆர். 1009 சப் 1 போடுங்கள்; வளர்ச்சிப் பருவத்தில் இரண்டு வாரம் அளவுக்கு மூழ்கினாலும் மீண்டு வருகிறது. ஒரே வயலுக்குள் ஒரே ரகம் என்ற பிடிவாதம் கடைமடையில் உதவாது.

ஓதமும் ஷட்டரும்

ஆற்று முகத்துக்குக் கொஞ்சம் மேலே ஷட்டர் வைத்த கடைமடை இயக்கு அணைகள் இருக்கின்றன. அவற்றின் வேலை இரண்டு: நல்ல தண்ணீரைத் தேக்குவது, கடலை உள்ளே விடாமல் தடுப்பது. மழைக்காலத்தில் மூன்றாவதாக ஒரு வேலை சேரும்: வெள்ளத்தைச் சரியான நேரத்தில் வெளியே விடுவது. சரியான நேரம் எது என்பதைக் கடல்தான் சொல்லும்.

ஒரு நாளில் இரண்டு தடவை ஓதம் ஏறும், இரண்டு தடவை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் பின்னால் போகும். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் தட்டுப் போல இருக்கிற நம் பூமியில் அரை மீட்டர் என்பது ஆயிரம் ஏக்கரின் தலையெழுத்து. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றலும் ஆழம். கொண்டல் என்கிற கிழக்குக் காற்று வலுத்து அடித்தால் வற்ற வேண்டிய நேரத்திலும் கடல் சீக்கிரம் இறங்காது.

ஷட்டருக்கு இரண்டு பக்கமும் மூங்கிலை நட்டு வையுங்கள். உள்பக்கத் தண்ணீர் வெளிப்பக்கத்தைவிட உயரமாக இருக்கும்போது மட்டும் திறப்பு. வெளியே சமமாகும்போதே மூடல். இதை நீங்களாகச் செய்யக் கூடாது, ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் அரசு ஊழியரான லஸ்கரிடம் சொல்லித்தான். மழைக்காலம் தொடங்கும் முன்பே அவரைப் போய்ப் பாருங்கள், செல் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், ஷட்டர் திருகுக்கு கிரீஸ் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கார்த்திகை இரவில் மழையில் நாங்கள் எட்டுப் பேர் டார்ச் லைட்டோடு கரையில் நின்றோம். உள்ளே மூங்கிலில் நாலரை அடி, வெளியே மூன்றே கால். கடல் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, நம் கதவு திருகு துருப்பிடித்து அசையவில்லை. நாலு மணி நேரம் போராடி ஒரு கதவு மேலே வந்தபோது ஓதம் திரும்பிவிட்டது. அந்த ஒரு வற்றத்தில் ஒரு அடி இறங்கியிருந்தால் பாதிப் பயிராவது தலை தூக்கியிருக்கும். அந்த இரவுக்குப் பிறகு புரட்டாசியிலேயே திருகைச் சுற்றிப் பார்ப்பது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது.

வயலில் மூழ்கிய தண்ணீரை வடிக்கும்போது தாழ்ந்த வயலிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். மேலே இருப்பவர் முதலில் வரப்பை வெட்டினால் கீழே இருப்பவர் மூழ்குவார். அதற்கு அடுத்த நாள் போலீஸ் ஸ்டேஷன். தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு வெறும் யூரியா வீசாதீர்கள். யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்து, தண்ணீர் மட்டாக இருக்கும்போது போடுங்கள்.

வடிகால் போய்ச் சேரும் இடம்

எங்கள் வடிகால் அடப்பாற்றில் சேர்கிறது. கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டை உப்பங்கழியில் விழுகின்றன. தலைஞாயிறு காப்புக்காடு, பெரிய வேதாரண்யம் சதுப்பு, கோடியக்கரை, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்ந்து 38,500 ஹெக்டேர், 2002-லிருந்து ராம்சார் ஈரநிலம். பூநாரை வருவதும், உம்பளச்சேரி மாடு மேய்ந்து வளர்ந்ததும் இந்தச் சதுப்பின் ஓரத்தில்தான்.

"கடலில் வீணாகக் கலக்கிறது" என்று சொல்லும்போது எனக்கு ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. கோடையில் உப்பங்கழி கடலைவிட உப்பாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வடிகால்கள் கொண்டுவருகிற நல்ல தண்ணீர்தான் அதைத் தணிக்கிறது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அந்தக் கலவையில்தான் வளர்கின்றன. நடுவர் மன்றம் பிரித்த 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கு 10, தடுக்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4. அவ்வளவுதான் அந்தப் பக்கத்துக்கு எழுதிய கணக்கு. அதற்கு மேல் உப்பங்கழிக்குக் கிடைப்பது நம் வயலிலிருந்து வடிவது. ஆகவே அது எப்படிப்பட்ட தண்ணீர் என்பது நம் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. பூச்சிமருந்து அடித்தால் ஒரு வாரமாவது வயல் தண்ணீரை வடிக்காதீர்கள். மழை வருமென்று தெரிந்தால் மருந்தைத் தள்ளிப் போடுங்கள். மருந்து டப்பாவை வடிகாலில் கழுவாதீர்கள். வடிகால் சதுப்பைத் தொடும் இடத்தில் கடைசி வரப்புக்கு அப்பால் கோரையும் சம்பும் இருந்தால் விட்டுவிடுங்கள். வாய்க்காலுக்குள் சம்பு எதிரி, வெளியே விளிம்பில் சம்பு வடிகட்டி. இறால் பண்ணைக் கழிவை யாராவது பாசன வடிகாலில் திருப்பியிருந்தால் மீட்டர் காட்டிக்கொடுக்கும்: மேலே 400, பண்ணையைத் தாண்டியதும் 6,000. தேதியோடு எழுதிப் படம் எடுத்து ஊராட்சியிலும் மீன்வளத் துறையிலும் கொடுங்கள்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தபோது முத்துப்பேட்டைக் காடு அடி வாங்கியது. வனத்துறை அங்கே மீன் முள் போல வாய்க்கால் வெட்டி அலையாத்தி நடுகிற முறையைப் பல வருஷமாகச் செய்கிறது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். ஓதம் உள்ளே வந்து தேங்காமல் திரும்பிப் போகும். கரையோரம் கன்று பிழைக்கும். ஒரு தடவை போய்ப் பாருங்கள். அங்கேயும் முதல் வேலை, தண்ணீர் போகிற வழியை வெட்டுவதுதான்.

மார்கழி கடைசியில் மழை ஓய்ந்ததும் வடிகாலின் கடைசித் தண்ணீரை முழுக்க ஓடவிடாதீர்கள். மீட்டரை வைத்துப் பாருங்கள். 500-க்குள் இருக்கிறவரை உங்கள் சின்ன மதகில் இரண்டு பலகையைப் போட்டு, இடையில் களிமண் மிதித்து நிறுத்துங்கள். உளுந்து, பயறு முளைக்கிற ஈரம் அதில் கிடைக்கும், கடலும் அந்தப் பலகையைத் தாண்டாது. பலகை போட்ட தேதி, மூங்கிலில் எத்தனை அடி, மீட்டரில் எத்தனை, மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த சித்திரையில் அக்கா மகனோடு நடக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.